நூறாவது ஏகாம்பரம்

ஆகஸ்ட் 3, சனி

இன்று காலை பதினொன்றரை மணியிலிருந்து நான் ஊமை.

தொண்டை டாக்டர் பதினான்கு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கக்கூடக் கூடாதாம். தொண்டைக்குள் குழாயை விட்டு டிவியில் படம் காட்டினார். குரல் நாண் என்கிறார்களே, அதில் பக்கத்துக்கொன்றாக அரிசி அளவு இரண்டு முடிச்சு. இருபத்தெட்டு வருஷம் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்த சாமான் இத்தனூண்டுதானா என்று எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"ஒரு தடவை அந்தக் குரல்ல பேசிக் காட்டுங்க" என்றார். முன்னாள் அமைச்சர், மக்கள் தலைவர் ஏகாம்பரத்தின் குரலில் நாலு வரி பேசினேன். நர்ஸ் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இவ்வளவு உச்சத்துல ரெண்டு மணி நேரம் எந்த மனுஷனும் பேச மாட்டான் சார்."

"அவர் பேசுனார்" என்றேன். அதுதான் நான் கடைசியாகப் பேசிய வார்த்தை.

வரும் வழியில் என் மனைவி தமயந்தி ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கினாள். எனக்கு எழுத நிறைய இருக்கிறது, சிலேட்டு போதாது என்று இந்த நோட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பிற்காலத்தில் யாராவது படிப்பார்கள் என்பதால் சில விவரங்கள்.

என் பெயர் கலியமூர்த்தி. ஊர் திருச்சி, உறையூர். வயது ஐம்பத்து நாலு. 'ஏகாம்பரம் பேசுகிறேன்' என்ற ஒரு ஆள் மேடை நிகழ்ச்சியை நடத்துகிறேன். திரை கிடையாது, பக்க வாத்தியம் கிடையாது. ஒரு வேட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு மைக், நான். இதுவரை தொண்ணூற்றொன்பது முறை. நூறாவது இதே திருச்சியில் பதினெட்டாம் தேதி சாயங்காலம்.

ஏகாம்பரம் இறந்து முப்பது வருஷம் ஆகிறது. அவர் குரலை இன்று எந்தக் கல்லூரி விழாவில் எந்தப் பையன் செய்தாலும் அது என்னிடமிருந்து போனது. "மைக்கைத் தூக்குங்கய்யா" என்று கீச்சென்று ஆரம்பித்து, போகப் போகச் சுருதி ஏறி, கடைசிக் கால் மணி நேரம் கோபத்தில் பிரஷர் குக்கர் மாதிரி ஆகிவிடுகிற அந்தக் குரல். போன இடைத்தேர்தலில் அவருடைய கட்சிக்காரர்களே வேனில் போட்டுக்கொண்டு போனது நான் பேசிப் பதிவு செய்ததைத்தான். கிழவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

தமயந்திதான் ஒலிக் கருவியைக் கவனித்துக்கொண்டு உட்காருவாள். மற்ற நாளில் தபால் ஆபீசில் வேலை. நிகழ்ச்சியின்போது ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவாள். மணப்பாறையில் தொண்ணூற்றாறு கோடு. அதுதான் இதுவரை உச்சம். அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பால்காரர், கேபிள்காரர், எதிர்வீட்டுச் சம்பந்தம் எல்லாருக்கும் சிலேட்டைக் காட்டிச் சலித்துவிட்டது. 'தொண்டைக்கு ஓய்வு' என்று எழுதியதைப் படித்துவிட்டு சம்பந்தம் என்னிடம் சைகையில் பேசுகிறார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

துணி காயப்போட்டேன். வெண்டைக்காய் நறுக்கினேன். பேசாதவனுக்கு வீட்டில் வேலை தானாக வந்து சேருகிறது, மறுக்க முடியாதே.

ஆகஸ்ட் 8, வியாழன்

பெஞ்சமின் வந்தான். அரங்கம், விளம்பரம், விளக்கு எல்லாம் அவன் பொறுப்பு. பெரிய செய்தி கொண்டுவந்தான். நூறாவது நிகழ்ச்சிக்கு முதல் வரிசையில் ஏகாம்பரத்தின் ஒரே மகளை உட்கார வைக்கப்போகிறானாம். கொடிமலர். புதுக்கோட்டையில் கால்நடை மருத்துவர்.

"இதுவரைக்கும் ஒரு ஷோவுக்கும் வந்ததில்லண்ணே. அப்பா பேரைக் கெடுக்குறோம்னு நெனச்சிருப்பாங்கன்னு நானே பயந்துட்டுதான் போன் போட்டேன். வர்றேன்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து உங்களைப் பாக்கணும்னாங்க."

ஏன் என்று எழுதிக் காட்டினேன்.

"பாராட்டத்தான் இருக்கும், வேறென்ன."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சால்வை போடுவார்கள். தமயந்தியிடம் கூடத்து ஃபேனைத் துடைக்கச் சொல்லி எழுதினேன். சிலேட்டை வாங்கி, 'நீங்கதான் சும்மா இருக்கீங்க' என்று கீழே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 10, சனி

கொடிமலர் வந்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று எழுத நேரமில்லை. ஃபேனைத் துடைத்த களைப்பு.

உயரமான பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். அப்பாவின் முகவெட்டு அப்படியே. சால்வை இல்லை, ஒரு பை வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். தமயந்தி காப்பி கொடுத்தாள். நான் சிலேட்டோடு எதிரில் உட்கார்ந்தேன். அவர்கள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், உங்க நிகழ்ச்சிய நான் குறையா சொல்ல வரல. போன்ல பாத்தேன். நீங்க நடக்குறது, துண்டைச் சரி பண்றது, எல்லாம் அப்பாதான். ஆனா அந்தக் குரல் யாரோடது?"

'அய்யாவுடையது' என்று எழுதினேன்.

"இல்ல சார். அப்பா உரக்கப் பேசி நான் கேட்டதே இல்ல. மேடையிலயும் சரி, வீட்லயும் சரி. நிதானமா, அடிவயித்துலேர்ந்து வரும். எனக்கு அது ஞாபகம் இருக்கு. ஞாபகம் இருந்துச்சு." காப்பியைக் கீழே வைத்தார்கள். "எங்ககிட்ட இருந்த கேசட்டெல்லாம் ஒரு மழையில ஊறிப்போச்சு. இப்ப எங்க திரும்பினாலும் உங்க குரல். டிவில, கட்சி வேன்ல. என் பையனுக்கு தாத்தா குரல்னா அதான் தெரியும். போன மாசம் அப்பா நினைவு நாள். கண்ணை மூடி அவர் என்னைக் கூப்புடுறத நெனச்சுப் பாத்தேன். நீங்கதான் கூப்பிட்டீங்க."

தமயந்தி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க எந்த டேப்பைக் கேட்டுக் கத்துக்கிட்டீங்கன்னு தெரிஞ்சா போதும். ஒரிஜினல் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா சார்? ஒரு தடவை கேட்டுட்டுத் தந்துடுறேன்."

மிமிக்ரிக்காரன் மூலக் கேசட்டை யாருக்கும் காட்ட மாட்டான். கட்டிய மனைவிக்கும் காட்ட மாட்டான். இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதனால் 'இல்லை' என்று எழுதினேன்.

அவர்கள் சிலேட்டைப் பார்த்தார்கள். "சரிங்க சார், பதினெட்டாந்தேதி வர்றேன்" என்று எழுந்து போனார்கள்.

தமயந்தி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குக் கேசட் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மகளுக்கு அப்பா குரல் மென்மையாகத்தான் கேட்கும். எல்லா மகள்களும் அப்படித்தான். லட்சம் பேர் கைதட்டியிருக்கிறார்கள், அத்தனை பேருக்குமா காது கேட்கவில்லை? தவிரவும் அவர்கள் மாட்டு டாக்டர்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

குளியலறையில் நான் பேசிப் பார்த்ததாக தமயந்தி சொல்கிறாள். இல்லை. இருமினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தமயந்திக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நானே பீரோவின் மேல்தட்டிலிருந்து கேசட்டையும் பழைய டேப் ரிக்கார்டரையும் எடுத்துவந்து கூடத்தில் வைத்தேன். அவளுக்கு ஆச்சரியம். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தக் கேசட் என் அப்பா பதிவு செய்தது. அப்பா மைக் செட் வைத்திருந்தார். எண்பத்து மூன்றில் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏகாம்பரம் பேசிய கூட்டம். உறையின்மேல் 'ஏகாம்பரம் - முழுப் பேச்சு' என்று அப்பாவின் கோணல் கையெழுத்து. இதை நான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் எப்போதும் "மைக்கைத் தூக்குங்கய்யா"வில் ஆரம்பித்துக் கைதட்டலோடு நிறுத்திவிடுவேன். கைதட்டலுக்கு அப்புறம் எனக்கென்ன வேலை?

இன்று முதலிலிருந்து போட்டேன். சரசரவென்று சத்தம். அப்புறம் ஒரு ஆள், "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்றார்.

வாத்து பேசுவது மாதிரி இருந்தது.

நான் நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். "ஒன், டூ, த்ரீ." எங்கள் மைக் செட்டுக்கு மைக் டெஸ்டிங் சொன்னவர் ஒரே ஒருவர்தான். என் அப்பா. அவர் குரல் பெரிய அண்டாவைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். தெருமுனையில் பேசினால் வீட்டில் நான் பாடப் புத்தகத்தைத் திறப்பேன். இந்தக் கேசட்டில் இருப்பது என் அப்பா. ஆனால் இது என் அப்பா குரல் இல்லை.

தமயந்தி என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க?"

சிலேட்டில் 'பேட்டரி' என்று மட்டும் எழுதினேன்.

அப்பா ரிக்கார்டருக்குப் புது பேட்டரி வாங்கவே மாட்டார். தீர்ந்த பேட்டரிகளை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். அதில் கொஞ்ச நேரம் ஓடும், மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிப் பதிந்ததைக் கரண்டில் சரியான வேகத்தில் போட்டால் என்ன ஆகும்? கீச்சென்று விரைவாகக் கேட்கும். பேட்டரி தீரத் தீர இன்னும் கீச்சாகும்.

அந்த ஏறிக்கொண்டே போகிற கோபம். என் கடைசிக் கால் மணி நேரம். 'கலியமூர்த்தியின் உச்சம்' என்று பத்திரிகையில் எழுதினார்களே, அது. அது ஏகாம்பரத்தின் கோபம் இல்லை. எங்கப்பாவின் பேட்டரி தீர்ந்தது.

இருபது வயதில் இந்தக் கேசட்டைக் கண்டெடுத்தபோது அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் முதல் வரியிலேயே "டேய், ஸ்பீடு ஜாஸ்திடா" என்றிருப்பார். ஊரே என் காதைப் புகழ்ந்தது. அப்பாவைத் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன்.

தமயந்தி லேப்டாப்பை எடுத்துவந்தாள். ஒயரை மாட்டிக் கேசட்டை உள்ளே ஏற்றி, வேகத்தைக் குறைத்தாள். "நான் கொறச்சுக்கிட்டே வர்றேன். மாமா குரல் வந்ததும் சொல்லுங்க."

தொண்ணூற்றைந்து சதவீத வேகம். இல்லை. தொண்ணூறு. இல்லை. எண்பத்தெட்டில் அண்டா தரையில் இழுபட்டது.

கையைத் தூக்கினேன். கண்ணில் ஏதோ தூசி. ஃபேனைச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது.

அப்பாவுக்குப் பின்னால் ஏகாம்பரம் வந்தார். "மைக்கைத் தூக்குங்கய்யா." கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிற குரல். உயரமான ஆள், மைக் தாழ இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் ஒரு சிரிப்பும் இல்லை. தமயந்தி ஓட ஓட வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அவர் கடைசிவரை கோபப்படவே இல்லை. கடைசியில் இன்னும் மெதுவாகத்தான் பேசுகிறார், பிரியப்போகிறவர் மாதிரி.

கைதட்டல் வந்தது. வழக்கப்படி என் விரல் நிறுத்தப் போனது. தமயந்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைதட்டலுக்கு அப்புறம் மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள். "அய்யா, படி ஆடும், பாத்து எறங்குங்க" என்கிறார் அப்பா. அதை வைத்துக் கடைசிப் பகுதியின் வேகத்தையும் சரி பண்ணினோம். அப்புறம் ஏகாம்பரம், தூரத்தில், வேறு யாரிடமோ பேசுகிறார். கேசட் தீர்வதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம்.

அதை இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்கானது இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பெஞ்சமினை வரவழைத்தேன். இரண்டாம் பாதியைச் சரியான குரலில் செய்யப்போகிறேன் என்று எழுதிக் காட்டினேன். லேப்டாப்பில் தமயந்தி போட்டுக் காட்டினாள்.

"இது அவர் குரல் மாதிரியே இல்லண்ணே" என்றான்.

'இதுதான் அவர்.'

"இருக்கட்டும்ணே. யாருக்குத் தெரியும்? ஜனங்க கீச்சுக் குரலக் கேக்க வர்றாங்க. நூறாவது ஷோ. கடைசியில சிரிப்பு இல்லாம எறங்குனீங்கன்னா கலியமூர்த்திக்குத் தொண்டை போச்சுன்னு மறுநாளே சொல்லிருவானுங்க. தொழிலே அதோட சரி. இருபத்தெட்டு வருஷத்த நீங்களே தப்புன்னு மேடையேறிச் சொல்வீங்களா?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. சிலேட்டில் பெரிய எழுத்தில் 'போடா' என்று எழுதினேன். அழித்துவிட்டு 'யோசிக்கிறேன்' என்று எழுதினேன்.

இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்றால் ஒன்று எழுதலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்த ஒரு குரல்தான்.

ஆகஸ்ட் 17, சனி

பதினொன்றரை மணிக்கு விரதம் முடிந்தது. டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். முடிச்சு சுருங்கியிருக்கிறதாம். உச்சத்தில் கொஞ்ச நேரம் தாங்கும், ரெண்டு மணி நேரம் தாங்காது என்றார்.

"இதுல பேசலாமா?" என்று கேட்டேன். பதினான்கு நாளுக்கு அப்புறம் என் முதல் வார்த்தை ஏகாம்பரத்தின் சரியான குரலில் வந்தது.

"இது யாரு?" என்றார் டாக்டர்.

"அவர்தான்."

"இதுல நாள் பூரா பேசலாமே. இது மனுஷன் பேசுற குரல்."

நர்ஸ் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. காலை

வேட்டியைத் தமயந்தி தேய்த்து வைத்திருக்கிறாள். முடிவைச் சொல்லவில்லையே என்று பெஞ்சமின் நாலு தடவை போன் செய்துவிட்டான். எடுக்கவில்லை. பேசாமலிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பழகிவிட்டது.

கேசட்டை ஜிப்பா பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஆறரைக்கு ஆரம்பம். அரங்கம் நிறைந்துவிட்டது, பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் வரிசை நடுவில் கொடிமலர், பக்கத்தில் அவர்கள் பையன். முதல் பாதி கீச்சுக் குரல். வெளுத்து வாங்கினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். சட்டமன்றம், ரயில் பயணம், ரேஷன் கடை எல்லாம் அடி தூள். பையன் சிரித்தான். அவர்களும் இரண்டு இடத்தில் சிரித்தார்கள், நான் பார்த்தேன். தொண்டை எரிய ஆரம்பித்தது.

இடைவேளை முடிந்து மேடைக்கு வந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"இது வரைக்கும் நீங்க கேட்டது ஏகாம்பரம் அய்யா குரல் இல்ல" என்று என் சொந்தக் குரலில் சொன்னேன். "கலியமூர்த்தி தப்பாக் கேட்டு, உங்களுக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்த குரல். டேப்பு வேகமா ஓடியிருக்கு. இருபத்தெட்டு வருஷமா எனக்கு அது தெரியல. இப்ப அவரு பேசுவாரு."

இதற்கும் சிரித்தார்கள். இதுவும் ஒரு நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "மைக்கைத் தூக்குங்கய்யா" என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. பின்னாலிருந்து ஒருத்தர், "வாய்ஸ் சரியில்லப்பா" என்றார். இரண்டு பேர் விசில் அடித்தார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் பெஞ்சமின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். உச்சத்துக்கு ஏறினால் அந்த வினாடியே கைதட்டல் வரும் என்று எனக்குத் தெரியும். ஏறவில்லை. துறையூர்ப் பேச்சை அவர் பேசிய வேகத்திலேயே பேசினேன். கிணறு வெட்டியது, பள்ளிக்கூடம் கேட்டது, தோற்றுப்போன தேர்தல். ஐந்தாவது நிமிஷத்தில் விசில் நின்றது. எட்டாவது நிமிஷத்தில் நடுவரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கூட்டத்துக்கு மரியாதையாக நிற்பவர் மாதிரி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். அந்தக் காலத்துக் கூட்டங்களில் நேரில் கேட்டவர்களாக இருக்க வேண்டும்.

கொடிமலர் கண்ணை மூடியிருந்தார்கள்.

பேச்சு முடிந்தது. கைதட்டினார்கள். வழக்கமாக அங்கே விளக்கணையும். நான் மைக்கை விட்டு நகர்ந்து, ஆடுகிற படியில் இறங்குகிற மாதிரி நாலு எட்டு வைத்து, முதல் வரிசைப் பக்கம் திரும்பினேன். கேசட்டின் அந்தக் கடைசி வாக்கியத்தை மைக் இல்லாமல் சொன்னேன்.

"மலரு, செருப்பைப் போட்டுக்கிட்டு வா. முள்ளு கெடக்கு."

ஐம்பது வயது டாக்டர் கண்ணைத் திறந்து முதலில் தன் காலைப் பார்த்தார்கள்.

"போட்டிருக்கேம்ப்பா" என்றார்கள்.

பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

பிறகு அறைக்கு வந்தார்கள். நான் ஜிப்பா பையிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். "இல்லன்னு பொய் எழுதுனேம்மா" என்றேன். அப்பாவின் கோணல் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்கள். "இதுல பேசுற இன்னொருத்தர் யாருன்னு கேட்டா என் பையனுக்கு என்ன சொல்றது சார்?" என்றார்கள். அதற்குள் தமயந்தி அந்தக் கடைசிப் பகுதியை லேப்டாப்பில் அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"எங்கப்பா. மைக் செட்டு" என்றேன். இதை இதற்கு முன்னால் இவ்வளவு பெருமையாக நான் எங்கேயும் சொன்னதில்லை.

பெஞ்சமின் இன்னும் என்னோடு பேசவில்லை. நூற்றொன்றாவது நடக்குமா என்று தெரியாது. இன்று காலை காப்பியோடு தமயந்தி நேற்றைய தாளைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் பாதியில் அறுபத்து மூன்று கோடு. இடைவேளைக்கு அப்புறம் ஒன்று, அதுவும் நான் தப்பை ஒப்புக்கொண்டதற்கு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தாளின் பாதி வெள்ளையாக இருக்கிறது.

மணப்பாறைத் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறேன்.